பாடும் மீன் ஊரில் காது கேளாத பிள்ளை: இளையோர் நாவலில் சைகைப் பேச்சை எப்படி எழுதுவது?

வாவிக்கரை (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னிடம் ரியூசனுக்கு வரும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை நினைத்துத்தான் எழுதுகிறேன், அவர்கள் கையில் கொடுக்க நம் ஊர்க் கதை ஒன்று வேண்டும் என்ற ஆசை. கதாநாயகி யாழினி. பதினாறு வயது, பிறந்ததிலிருந்தே காது கேளாது. கதை 2022இல் நடக்கிறது, ஓ.எல். (சாதாரண தர) சோதனை தள்ளித் தள்ளிப் போய் மே மாதம் நடந்ததே, அந்த வருடம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வீடு. அம்மப்பா தோணிக்காரர்.

மூன்று இடத்தில் முட்டி நிற்கிறேன்.

முதலாவது உரையாடல். அவள் சைகையில் பேசுவதைத் தாளில் எப்படிக் காட்டுவது? அடைப்புக்குறிக்குள் போட்டுப் பார்த்தேன், நாடகக் குறிப்பு மாதிரி இருந்தது. எழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன், தமிழில் சாய்ந்த எழுத்து அச்சுப்பிழை போலத்தான் தெரிகிறது. பிறகு 'வலது கையை நெஞ்சில் வைத்து, விரலை முன்னால் நீட்டி' என்று ஒவ்வொரு அசைவையும் விவரித்தேன், இரண்டு பக்கம் போவதற்குள் எனக்கே மூச்சு வாங்கிவிட்டது.

இரண்டாவது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது. யாழினி எல்லோர் பேச்சையும் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுகிறாள், பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி இருப்பவர்கள் பேசும் ரகசியம் வரைக்கும். வாசித்த நண்பர் ஒருவர் இது நடக்கிற காரியமா என்று கேட்டுவிட்டார்.

மூன்றாவது முடிவு. பூரணை இரவில் அம்மப்பா அவளைக் கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியில் கூட்டிக்கொண்டு போகிறார். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் இறக்கி, மறு நுனியை அவள் காதோடு வைக்கிறார். வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்கு ஒரு சத்தம் கேட்கிறது, நம் மட்டக்களப்பு வாவியில் நிலவு இரவில் தண்ணீருக்கடியிலிருந்து கேட்கும் என்று சொல்வார்களே, அந்தப் பாடும் மீனின் சத்தம். உண்மையைச் சொன்னால் இந்த ஒரு காட்சிக்காகத்தான் முழு நாவலையும் எழுதினேன்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும், வீட்டிலும் எல்லோருக்கும் கேட்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருந்தாள், அவளோடு விளையாடி வளர்ந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பிழை இருந்தால் தயவுசெய்து நேராகச் சொல்லுங்கள்.


முன்வாங்கு (மட்டக்களப்பு)

அண்ணா, நான் காது கேளாதவன், வயது 24. மூன்று வயதில் காய்ச்சல் வந்து கேள்வி போனது, இரண்டு காதிலும் மெசின் போடுகிறேன், சத்தம் வரும், சொல் வராது. நேராகச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

உதட்டில் இருந்து தொடங்குவோம். கண்ணாடிக்கு முன்னால் நின்று குரல் இல்லாமல் 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'அப்பா' என்று சொல்லுங்கள். ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? தெரியாது. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும், மூக்குக்குள் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. இப்போது அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா நாலையும் சொல்லுங்கள். எனக்கு அவர்கள் நாலு பேரும் ஒரே ஆள். சின்ன வயதில் 'யார் வருகிறார்கள்' என்று கேட்டால் அம்மா சொல்லும் பதிலை வைத்து வாசலில் போய் நிற்பேன், வந்து இறங்கும்போதுதான் யார் என்று தெரியும். மாலை, பாலை, மணம், பணம் எல்லாம் இப்படித்தான். ட, ண, ள, ழ எல்லாம் நாக்கை உள்ளே மடித்துச் சொல்வது, க தொண்டைப் பக்கத்தில், வெளியே ஒன்றும் தெரியாது. தெரிகிற கொஞ்சத்தை வைத்து, பேசுகிறவர் யார், என்ன நேரம், நேற்று என்ன பேசினார்கள் என்று எல்லாவற்றையும் கூட்டித்தான் ஊகிக்கிறோம். அரை மணித்தியாலம் பேசினால் தலை இடிக்கும். இரண்டு சீட் தள்ளி, ஓடுகிற பஸ்ஸில், தெரியாத ஆட்களின் ரகசியம் என்றால் ஒரு சொல்லும் கிடைக்காது.

2020இல் எல்லோரும் மாஸ்க் போட்டதும் எனக்கு அந்தக் கொஞ்சமும் போனது. பாமசியில் நின்று கடதாசியில் எழுதிக் காட்டி மருந்து வாங்கினேன். யாழினிக்கு அப்போது பதினாலு வயது இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

என் பெயரைப் பார்த்திருப்பீர்கள். பாடசாலையில் எப்போதும் என்னை முன்வாங்கில் இருத்தினார்கள், அத்தோடு கடமை முடிந்தது என்று நினைத்தார்கள். படிப்பிக்கிறவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவார், நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் எனக்குப் பெரிதாக வலித்தது பாடசாலை இல்லை, வீட்டுச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் சுற்றி இருப்பார்கள், யாரோ ஏதோ சொல்ல ஒரே சிரிப்பு, நான் அக்காவின் கையைத் தட்டி என்ன என்று கேட்பேன். 'பிறகு சொல்றன்.' அந்தப் பிறகு வந்ததே இல்லை. சில நேரம் 'ஒண்டுமில்ல' என்பார்கள். ஒன்றுமில்லாததுக்கா எட்டுப் பேர் சிரித்தார்கள்? அவர்கள் என்மேல் உயிரையே வைத்திருக்கிற ஆட்கள், அதனால்தான் அது இன்னும் வலித்தது. உங்கள் நாவலில் வில்லன் வேண்டும் என்றால் ஒரு கெட்ட ஆளைத் தேடாதீர்கள், அந்த 'பிறகு சொல்றன்' போதும்.

முடிவைப் பற்றி. அவளுக்குக் காது கேட்பதுதான் கடைசியில் கிடைக்கும் பரிசு என்றால், அதுவரை அவள் சிரித்ததும் சண்டை பிடித்ததும் படித்ததும் எதில் சேர்த்தி? என்னைப் போல ஒரு பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கத்தில் தன்னைக் குறையாகத்தான் பார்க்கும். அதோடு பிறப்பிலேயே கேளாத ஒருத்திக்குத் துடுப்பைக் காதில் வைத்ததும் மீன் பாட்டுக் கேட்காது, அது நடக்கிற விஷயமே இல்லை. தயவுசெய்து அதை மாற்றுங்கள்.


கல்முனை உம்மா

தம்பி, என்ட மகனுக்கு வயது 13, காதுக்குள் ஒப்பரேசன் செய்து கொக்லியர் என்ற கேட்கும் மெசின் வைத்த பிள்ளை. முன்வாங்கு மகன் எழுதினதை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கட வீட்டிலயும் 'பிறகு சொல்றன்' நிறைய நடந்திருக்கு.

மெசினைப் பற்றி எழுதுவதாக இருந்தால் சரியாக எழுதுங்கள். கொக்லியரை முதல்நாள் போட்டதும் பிள்ளை உம்மாவின் குரலைக் கேட்டுச் சிரிக்கும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். என்ட மகன் பயந்து அழுதான். அவனுக்கு அது குரலாகவே தெரியவில்லை, இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் இருந்து சொல்லைப் பிரித்தெடுக்க வருடக்கணக்கில் பயிற்சி, கிழமைக்கு ஒருநாள் பஸ் ஏறிப் போய் வந்தோம். தலைக்கு வெளியே காந்தத்தில் ஒட்டி நிற்கும் துண்டைக் குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடுவான், கழற்றினால் ஒன்றும் கேட்காது. ஆக அவன் எப்போதும் காது கேளாத பிள்ளைதான், மெசின் போட்டிருக்கும்போது கொஞ்சம் கேட்கும் அவ்வளவுதான்.

முன்பு சாதாரண மெசின் போட்ட காலத்தில் பட்டறிக் கதை பெரிய கதை. அந்தச் சின்ன வட்டப் பட்டறியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்தால் காற்றுப் பட்டு வேலை தொடங்கும், திரும்ப ஒட்டினாலும் மிச்சம் பிடிக்க முடியாது. நம்மட கடல் காற்றும் வியர்வையும் சேர்ந்து குழாய்க்குள் தண்ணி கட்டும், இரவில் சிலிக்கா பக்கெற் போட்ட போத்தலில் மூடி வைக்க வேணும். பிள்ளை வளர வளரக் காதுக்குள் வைக்கும் அச்சு சின்னதாகிக் கீ என்று கத்தும். அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்காது, வகுப்பில் மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், ஏன் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. இப்படி ஒரு காட்சி எழுதினால் என்னைப் போன்ற தாய்மார் உங்களை நம்புவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேணும். மகன் சின்னதாக இருக்கும்போது ஒரு இடத்தில், சைகை பழக்கினால் பேச்சு வராது, கையைக் கட்டி வையுங்கள் என்றார்கள். நானும் கேட்டேன். ஆறு வயது வரை அவனிடம் பேச எனக்கு ஒரு மொழி இல்லாமல் போனது. பிறகுதான் அறிந்தேன், 1880இல் மிலான் நகரத்தில் ஆசிரியர்மார் கூடி, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சுத்தான், சைகை வேண்டாம் என்று முடிவெடுத்த கதையை. அந்த முடிவு பிழை என்று 2010இல் வான்கூவரில் நடந்த அதே மாநாட்டுத் தொடரில்தான் சொன்னார்கள். 130 வருடம். ஐரோப்பாவில் யாரோ எடுத்த முடிவு கல்முனையில் என்ட வீட்டுக்குள் வந்து என்ட பிள்ளையின் கையைக் கட்டியிருக்கு. இப்ப நானும் அவன்ட ராத்தாவும் சைகை பழகிவிட்டோம், வாப்பா இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்.

2022 என்று எழுதியிருக்கிறீர்கள், அப்ப கரண்ட் வெட்டை மறக்காதீர்கள். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை போன நாள் இருந்தது. மற்றவர்கள் இருட்டில் இருந்து கதைத்தார்கள். எங்கட பிள்ளைகளுக்கு இருட்டு என்றால் பேச்சே நின்றுபோகும், கையும் தெரியாது, உதடும் தெரியாது. மெழுகுதிரிக்கும் தட்டுப்பாடு, போனில் சார்ஜ் இல்லை. மகன் என்ட கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் எழுதச் சொல்வான்.


புறூவ் பார்ப்பவர்

அச்சகத்தில் இருபது வருடம் புறூவ் பார்த்தவள் நான். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

சைகையும் பேச்சுத்தான், ஆகவே மற்றவர்கள் பேசுவதற்கு எந்த மேற்கோள்குறி போடுகிறீர்களோ அதையே போடுங்கள். 'நான் வரமாட்டேன்' என்றாள் யாழினி. அவ்வளவுதான். அவள் கையால் சொன்னாள் என்பது முதல் அத்தியாயத்திலேயே வாசகருக்குத் தெரிந்துவிடும். தனி அடையாளம் போட்டால் அவள் பேச்சு ஏதோ அந்நிய மொழி போலப் பக்கத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதோடு சைகையின் சொல்வரிசையை அப்படியே 'நான் கடை போ வேண்டாம்' என்று உடைத்து எழுதும் வழக்கமும் இருக்கிறது, அதைச் செய்யவே கூடாது. அவள் மொழியில் அது முழு வாக்கியம், அதைத் தமிழிலும் முழு வாக்கியமாகத்தான் கொண்டுவர வேண்டும்.

அசைவை எப்போது விவரிக்கலாம் என்றால், அது கதைக்கு ஏதாவது செய்யும்போது. கோபத்தில் கை பெரிதாகும், ரகசியம் என்றால் மடிக்குக் கீழே சின்னதாகப் பேசுவார்கள். கையில் மாவு ஒட்டியிருந்தால் பேச்சு அரைகுறை. வாய் நிறையச் சோறு இருந்தாலும் தாராளமாகப் பேசலாம். ஓடத் தொடங்கிய பஸ்ஸின் கண்ணாடிக்குள்ளிருந்து தெருவில் நிற்கும் தோழியோடு சண்டையை முடிக்கலாம், நமக்கு அது முடியாது. பல சைகை மொழிகளில் கேள்வியே புருவத்தில்தான் இருக்கிறது, முகம் இல்லாமல் கையை மட்டும் எழுதினால் பாதிப் பேச்சு போய்விடும்.

அவள் எங்கே சைகை பழகினாள் என்பதையும் தீர்மானியுங்கள். காது கேளாதோருக்கான இரத்மலானைப் பாடசாலை 1912இல் தொடங்கியது, வடக்கில் கைதடியில் இருக்கிறது, கிழக்கிலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. ஒவ்வோர் இடத்துப் பிள்ளைகளின் சைகையிலும் வித்தியாசம் இருக்கும், நமக்கு மட்டக்களப்புத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் போல. வீட்டில் அம்மாவோடு மட்டும் பேசும் வீட்டுச் சைகை அதற்கும் வேறு.

பாதி கேட்கும் பிள்ளையை எழுதுவதென்றால் தமிழ் எழுத்து ஓர் அருமையான வழியைத் தருகிறது. உயர்ந்த அலைவரிசை கேட்காதவர்களுக்கு ச, த, க, ப போன்ற வல்லின ஓசைகள்தான் பெரும்பாலும் முதலில் நழுவும், உயிரோசை மிஞ்சும். 'சாப்பிட்டியா மகள்' என்பது 'ஆ..இ..இயா ம..அள்' என்று வரும். வல்லின மெய் போய் மற்ற ஓசை மட்டும் நிற்கிறது. அமெரிக்காவில் சீசீ பெல் என்பவர், நான்கு வயதில் கேள்வியை இழந்தவர், தன் கதையை 2014இல் 'எல் டீஃபோ' என்ற படக்கதையாக வெளியிட்டார். பட்டறி இறங்கும் இடத்தில் பேச்சுக் குமிழிக்குள் எழுத்து மங்கிக்கொண்டே போகும். அவர் மையை மங்க வைத்துச் செய்ததை நீங்கள் மெய்யெழுத்தை உதிர்த்துச் செய்யலாம். யாழினிக்குப் பிறப்பிலிருந்தே ஒன்றும் கேட்காது என்றால் இது அவளுக்குப் பொருந்தாது, முன்வாங்கு தம்பி போல ஒரு தோழனைக் கதைக்குள் கொண்டுவந்தால் பொருந்தும்.


வாவிக்கரை (கல்லடி)

எல்லோருக்கும் நன்றி. அம்மம்மா அம்மப்பா விஷயத்தைக் கண்ணாடிக்கு முன்னால் செய்து பார்த்தேன், அப்படியே இருந்துவிட்டேன். பஸ் ரகசியம் முழுவதையும் வெட்டிவிட்டேன். ஆனால் துடுப்பை விட மனம் வரவில்லை. பாடும் மீனைப் பற்றி எத்தனையோ காலமாக எல்லோரும் எழுதிவிட்டார்கள், அந்த மீன் கேட்காத ஒரு பிள்ளை இந்த ஊரில் வளர்வதை யாரும் எழுதவில்லை என்றுதான் தொடங்கினேன். கேட்காவிட்டால் அதிர்வாவது தெரியும் என்று எழுதலாமா?


மண்டூரான்

அதிர்வும் எல்லோரும் எழுதுவதுதான் தம்பி. மத்தளத்தில் கை வைத்துக் கூத்தாடிய பிள்ளை, ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து பாட்டுக் கேட்ட பிள்ளை என்று. உண்மையில் நடக்கும்தான், மத்தளம் பெரிய சத்தம். மீன் சத்தம் அப்படியா? காது கேட்கிற எனக்கே மூன்றுமுறை போய் ஒருமுறைதான் மெல்லியதாகக் கேட்டது.

என் மாமி மகள் காது கேளாதவள். அவளுக்குப் பிடித்த கோயில் எங்கள் மண்டூர் முருகன் கோயில். இங்கே கப்புகனார் (பூசகர்) வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார், கதிர்காமத்தில் போல. வெளியில் மணியும் அரோகராவும் இருக்கும், ஆனால் பூசை செய்கிறவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. மற்றக் கோயிலில் எல்லோருக்கும் ஏதோ சொல்லப்படுகிறது, தனக்கு மட்டும் போய்ச் சேரவில்லை என்று இருக்குமாம். இங்கே எல்லோரும் அவளைப் போலவே கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். யாழினியை ஒருமுறை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, பூரணை என்றால் எந்தப் பூரணை? 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் பூரணைதான். அண்ணன் முறையான ஒருவர், அவருக்கும் காது கேளாது, அன்று காலை நாவலடிக் கடற்கரைப் பக்கம் நின்றார். சனம் ஓடி வருவதைக் கண்டு ஏதோ சண்டை என்று நினைத்து ஒதுங்கி நின்றிருக்கிறார். பின்னால் கடல் இரைந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஓடி வந்த ஒரு மனிசி கையைப் பிடித்து இழுத்ததால் தப்பினார். அந்த மனிசி யார் என்று இன்றுவரை தெரியாது. ஆகவே டிசம்பர்ப் பூரணையைச் சும்மா அழகுக்காக வைக்காதீர்கள். மீன் பாட்டும் மழையில்லாத காலத்தில், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை என்றுதான் சொல்வார்கள். 2022 வெசாக் பூரணை மே 15, அவளுடைய சோதனை 23ஆம் திகதி தொடங்கியது. அந்த வாரம் ஊரடங்கு, வெசாக் அன்று தளர்த்தினார்கள். உங்கள் இரவு அங்கேயே இருக்கிறது.


முன்வாங்கு (மட்டக்களப்பு)

அண்ணா, நானும் போயிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் சித்தப்பா கூட்டிப் போனார். துடுப்பை என் காதில் வைத்தார்கள், ஒன்றும் இல்லை, மரம் குளிராக இருந்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கேட்கிறதா என்று. அவர்களுக்காகத் தலையை ஆட்டினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன், அது பொய்.

பிறகு துடுப்பைச் சித்தப்பா தன் காதில் வைத்தார். அவர் முகம் மாறியது. சத்தமாகப் பேசும் மனிதர், சந்தையில் அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே அசையாமல் இருந்தார். எனக்கு அந்த முகம்தான் ஞாபகம். அது என்ன செய்தது அவரை, எப்படி இருந்தது என்று கேட்டேன். அவருக்குச் சைகை தெரியாது, வாயைத் திறந்து ஏதோ சொன்னார், நிலவு அவருக்குப் பின்னால் இருந்தது, உதடு தெரியவில்லை. பிறகு தோளில் தட்டினார். பிறகு சொல்றன்.

உங்கள் அம்மப்பா துடுப்பைத் தன் காதில் வைக்கட்டும். யாழினி கேட்கட்டும், எப்படி இருக்கிறது என்று. அவர் அந்த இடத்திலேயே சொல்லட்டும். அதற்கு அவர் சைகை பழகியிருக்க வேண்டும், அதாவது நாவலின் முன்பாதியிலிருந்தே அந்தக் கிழவர் யாருக்கும் தெரியாமல் பழகிக்கொண்டிருக்க வேண்டும், வலை இழுத்து மரத்துப்போன விரலை வைத்துக்கொண்டு, பிழை பிழையாக. அவளுக்கு மீன் சத்தம் வேண்டாம் அண்ணா. மற்றவர்களுக்குக் கிடைத்ததை அந்த நேரத்திலேயே ஒருவர் தனக்குச் சொன்னார் என்பது வேண்டும்.


வாவிக்கரை (கல்லடி)

இதை வாசித்து இரண்டு நாளாகிறது, பதில் எழுத வரவில்லை. கடைசி நாலு அத்தியாயத்தையும் திரும்ப எழுதப் போகிறேன், அந்தப் பொய்த் தலையாட்டலை முதல் அத்தியாயத்தில் சின்ன வயது யாழினிக்குக் கொடுக்கலாமா என்று உங்களிடம் கேட்டுத்தான் எழுதுவேன், தம்பி. ஒரு சந்தேகம் மட்டும். அம்மப்பா கையால் பேச வேண்டும் என்றால் துடுப்பை விட வேண்டுமே, தோணி இழுத்துக்கொண்டு போகாதா?


முன்வாங்கு (மட்டக்களப்பு)

கொடுங்கள், தாராளமாக. எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.


மண்டூரான்

மீன் கேட்கப் போகிறவர்கள் ஓடுகிற தோணியிலா கேட்பார்கள்? பாலத்தடியில் கம்பு ஊன்றிக் கட்டிவிட்டால் சரி. ஆனால் தோணியைத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள், நிலவு கிழவரின் முகத்தில் விழ வேண்டும்.